உருண்டை பிடித்த கைகள்

எங்கள் ஊர்ச் சாவடியின் உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது. ஓடு மாற்றினார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள், திண்ணைக்கு டைல்ஸ் பதித்தார்கள். கொக்கியை மட்டும் யாரும் கழற்றவில்லை. போன முறை போனபோது அதில் யாரோ ஹெல்மெட்டை மாட்டி வைத்திருந்தார்கள். 1982-ல் அந்தக் கொக்கியில்தான் என் தம்பி தொங்கினான்.

கடிகாரம் போல வட்ட முகம் உள்ள தராசு. அதன் அடியில் ஒரு துணித் தூளி. பிள்ளையின் சட்டையைக் கழற்றி, அரைஞாண் கயிற்றோடு தூளிக்குள் உட்கார வைப்பார்கள். உட்கார்ந்த மறுநொடியே ஊரே அதிர அழுகை கிளம்பும். கால் உதைக்க உதைக்க முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். அழுகை ஓய்ந்து எடை பார்ப்பதென்றால் பொழுது சாய்ந்துவிடும் என்பதால், மூச்சை இழுக்கப் பிள்ளை ஒரு நொடி நிறுத்துகிறதே, அந்த நொடியில் டீச்சர் எண்ணைப் பிடித்துவிடுவார். எட்டு வயதில் எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. அப்பத்தா மட்டும் ஒவ்வொரு மாதமும் சாவடிக்கு வெளியே நின்று சத்தம் போடும். "புள்ளையென்ன புளியா பருத்தியா, தராசுல தூக்கிப் போட? ஊரு கண்ணெல்லாம் எம்பேரன் மேலதான்." வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டுத்தான் அம்மாவிடம் பேசும்.

அது தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் தராசு. உலக வங்கியின் கடனுதவியோடு 1980-ல் அரசு தொடங்கிய திட்டம். முதலில் கால் வைத்தது எங்கள் பக்கம்தான், மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில். பிறகு ஆறு மாவட்டங்களுக்கு விரிந்து, ஏறக்குறைய 9,000 மையங்கள் ஆயின. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை பார்ப்பது, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுப்பது, தாய்க்கு விளக்கிச் சொல்வது. இவ்வளவுதான் அதன் வேலை. ஊரில் எல்லாருக்கும் சோறு போடுகிற திட்டமாக அதை யாரும் நினைக்கவில்லை. அந்தச் சோறு 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவாக வேறு வழியில் வந்தது.

எடை போடும் டீச்சரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அந்த ஊர்க்காரியாக இருக்க வேண்டும், ஏழையாக இருக்க வேண்டும், ஆனால் அவள் பிள்ளைகள் நல்ல உடம்போடு இருக்க வேண்டும். கையில் காசில்லாத வீட்டிலும் பிள்ளை தேறும் என்பதற்கு அவளே சாட்சி. இந்த யோசனையை யார் முதலில் சொன்னார்களோ, அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. எங்கள் டீச்சருக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி, குடிகாரப் புருஷன், மூன்று பிள்ளைகள். "ஒங்க வீட்டுல இருக்குறதுதான் எங்க வீட்டுலயும் இருக்கு" என்று அவர் சொல்லும்போது எந்தத் தாயும் மறுத்துப் பேச முடியாது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எடை அட்டையில் கோடு கோடாக இருக்கும், அதன் மேல் மாதம் ஒரு புள்ளி வைத்து டீச்சர் இழுத்துக்கொண்டே போவார். அம்மாவுக்கு அவர் சொல்லிக் கொடுத்த படிப்பு இதுதான்: "கோடு நிமிந்தா புள்ள வளருது. படுத்தா சோறு பத்தல. எறங்குனா ஒடனே கெளம்பு." தம்பியின் கோடு இரண்டு மாதம் படுத்தது. அம்மா வீட்டுக்கு வந்து சாணி தெளிக்காத வாசல் தரையில் விளக்குமாற்றுக் குச்சியால் அந்தக் கோட்டை இழுத்து அப்பாவுக்குக் காட்டியது இன்னும் கண்ணில் இருக்கிறது. அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் எழுத்து அது என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

கோடு படுத்த பிள்ளைக்கு உருண்டை கிடைக்கும். வறுத்த தானிய மாவு, பருப்பு மாவு, வெல்லம் மூன்றையும் சேர்த்துப் பிடித்த லட்டு. 90 நாள் தரவேண்டும், அதற்குள் அரைக் கிலோ ஏறிவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்பது கணக்கு. மையத்திலேயே உட்கார வைத்து ஊட்ட வேண்டும். தம்பி பாதி தின்றுவிட்டுத் தலையை ஆட்டுவான். மீதி என் வாய்க்கு வரும். அவனுக்கு எடை ஏறியதும் உருண்டை நின்றது. அம்மாவுக்கு ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் ஏதோ தண்டனை கிடைத்த மாதிரி. "நல்லா வளத்ததுக்கா நிறுத்துறீங்க?" என்று டீச்சரைக் கேட்டாள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஏட்டில் அழகாக இருந்த அந்தக் கணக்கு, பசியுள்ள வீட்டில் தாய்க்குப் புரிய வைக்க மிகக் கடினமாக இருந்தது.

அந்த உருண்டையைப் பிடித்தவர்கள் ஊர்ப் பெண்கள். மகளிர் குழு என்று பதினைந்து இருபது பேர். வறுப்பது ஒரு கூட்டம், உரலில் இடிப்பது ஒரு கூட்டம், பாகு காய்ச்சிப் பிடிப்பது ஒரு கூட்டம். அம்மா பிடிப்பவள். சூடு ஆறுவதற்குள் பிடித்தால்தான் உருண்டை நிற்கும், அதனால் எல்லாக் கைகளும் ஒரே வேகத்தில் ஓடும். நான் கண்ட பிள்ளை வளர்ப்புப் பயிற்சி வகுப்பு அந்த மாவுப் பாத்திரத்தைச் சுற்றித்தான் நடந்தது. டீச்சரிடம் படம் போட்ட அட்டைகள் இருந்தன, சில நாள் கும்மிப் பாட்டும் கட்டிக்கொண்டு வருவார். ஆனால் அட்டையைக் காட்டிச் சொன்னது அரை மணி நேரம் என்றால், கை வேலையாக இருக்கும்போது பேசிக்கொண்டது மூன்று மணி நேரம்.

என்ன பேசினார்கள்? பிள்ளை பிறந்ததும் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக நாக்கில் வைக்கிற வழக்கம் அன்று எல்லா வீட்டிலும் இருந்தது. யார் சேனை வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பதால் அது ஒரு மரியாதை. மஞ்சளாக வருகிற முதல் பாலைக் கொடுக்கலாமா என்று ஒருத்தி கேட்க, "நான் மூணாவதுக்குக் கொடுத்தேன், ஒண்ணும் ஆகல" என்று இன்னொருத்தி சொல்ல, அப்போதுதான் அது பேச்சாகவே ஆனது. டீச்சர் சொன்னபோது கேட்டுக்கொண்டவர்கள், பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது நம்பினார்கள். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் இப்படித்தான் எங்கள் தெருவுக்குள் வந்தது. அதுவரை பேதியாகிற பிள்ளைக்குத் தண்ணீரே காட்டக்கூடாது என்றுதான் இருந்தது. அந்த நம்பிக்கையில் எத்தனை பிள்ளைகள் போயின என்று எண்ணிச் சொல்ல ஊரில் ஆளில்லை. அப்பத்தாவே இரண்டு பிள்ளைகளை அப்படி இழந்தது. அது தராசைப் பார்த்துப் பயந்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று பிள்ளையைக் கொண்டுபோவதை அது பார்த்திருந்தது.

அன்று நடந்ததெல்லாம் பொன் என்று எழுதினால் நான் பொய் சொல்கிறவளாவேன். காலனிப் பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து திண்ணைக்குக் கீழே, வெயிலில் நின்றார்கள். தராசு எல்லாருக்கும் ஒரே தராசுதான், ஆனால் தூளித் துணி இரண்டு இருந்தது. உருண்டை பிடிக்கிற குழுவில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அவர்கள் கை பட்டதை மற்ற வீட்டுப் பிள்ளைகள் தின்ன மாட்டார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எங்கள் டீச்சர் எத்தனையோ விஷயத்தில் துணிச்சல்காரி. இதில் அவர் வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் திறக்கவில்லை.

ஆனாலும் அந்தத் தராசு காரியம் செய்தது. மிகக் கடுமையாக மெலிந்த பிள்ளைகளின் தொகை, திட்டம் நடந்த ஊர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்தது. வெளிநாட்டு ஊட்டச்சத்துப் பாடநூல்களில் 'தமிழ்நாடு' என்கிற பெயர் ஓர் எடுத்துக்காட்டாக ஏறியது. இரண்டாவது கட்டம் 1990-ல் தொடங்கி 1997-ல் முடிந்தது. மையங்கள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் என்கிற பெரிய திட்டத்துக்குள் கரைந்தன. பால்வாடி, அங்கன்வாடி ஆயிற்று. இன்று மாநிலத்தில் ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன.

அன்றைய வகுப்பில் ஒன்று விட்டுப்போயிருந்தது. பிள்ளையின் வயிற்றைப் பற்றி எல்லாம் பேசினார்கள். பிள்ளையோடு பேசுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச வேண்டிய தேவை இருப்பதாகவே யாருக்கும் தோன்றவில்லை. வீடு நிறைய ஆட்கள். ஒருத்தர் மடியிலிருந்து இன்னொருத்தர் மடிக்குப் பிள்ளை போய்க்கொண்டே இருக்கும். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து நண்டு ஊர விடுகிற விளையாட்டும், கையைப் பிடித்து வீசச் சொல்கிற பாட்டும், தூளியை ஆட்டிக்கொண்டே உறவெல்லாம் பேர் சொல்லி அழைக்கிற தாலாட்டும் காற்றோடு கிடைத்தன.

ஆனால் இதை யோசித்தவர்கள் நம் நாட்டில் அப்போதே இருந்தார்கள். பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்கு மீனா சுவாமிநாதன் தலைமை தாங்கினார். 1972-ல் வந்த அந்த அறிக்கை, பிள்ளைக்கு உணவும் மருந்தும் விளையாட்டும் ஒன்றாகக் கிடைக்க வேண்டும் என்றது. 1975 அக்டோபர் 2-ல் 33 இடங்களில் மத்திய அரசு தொடங்கிய அதே ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்குப் பின்னால் அந்தச் சிந்தனை இருக்கிறது. நடைமுறைக்கு வந்தபோது தானியத்தை அளந்தார்கள், எடையை அளந்தார்கள். விளையாட்டை அளக்க வழியில்லாததால் அது கடைசி வரிசைக்குப் போனது.

எங்கள் சாவடியில் தராசு ஆடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1986, 87-ல், ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் சாலி கிரந்தம்-மக்ரெகர் என்கிற மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் வேறொன்றைச் செய்து பார்த்தார்கள். வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகள். ஒரு பிரிவுக்குப் பால்மாவு, ஒரு பிரிவுக்கு விளையாட்டு, ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. விளையாட்டு என்றால், உள்ளூர்ச் சுகாதாரப் பணிப்பெண் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய், காலி டப்பாவையும் துணித் துண்டையும் வைத்துக்கொண்டு தாய்க்கு விளையாடக் காட்டிக் கொடுப்பது. இரண்டு ஆண்டுகள் நடந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இருபது வயது கடந்த பிறகு தேடிப் போய்ப் பார்த்தார்கள். விளையாட்டுக் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. அவளுக்கு இதை யாரும் சொல்லவில்லையே என்று இல்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளைக்கு மட்டும் என்று யாராவது அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள் என்று.

வீடு வீடாகப் போவது நம் நாட்டுக்குக் கட்டுப்படியாகாது என்கிறார்கள். அதற்கும் பதில் கிடைத்திருக்கிறது. அதே கிரந்தம்-மக்ரெகர் பிற்பாடு ஒடிசாவில் 192 கிராமங்களில் ஒப்பிட்டுப் பார்த்தார். சில ஊர்களில் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். சில ஊர்களில் ஏழெட்டுத் தாய்மாரைப் பிள்ளைகளோடு ஓரிடத்தில் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்கள். பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியில் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே பலன். செலவோ, கூட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. 2020-ல் வெளியான முடிவு இது. ஊர்ப் பெண்ணே சொல்லிக் கொடுக்கிறாள், தாய்மார் கூடி உட்காருகிறார்கள். இந்த இரண்டையும் நான் மாவுப் பாத்திரத்தைச் சுற்றி ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

சரி, இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

அங்கன்வாடிக்குத் தனிக் கட்டடம் இருக்கிறது. சுவரெல்லாம் யானை, மயில், அ ஆ இ ஈ. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்கிற பாடத்திட்டத்தின்படி மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பாட்டும் கதையுமாக இருக்கிறார்கள். கூரையில் கொக்கி இல்லை. பிள்ளையைப் படுக்க வைக்கிற மின்னணு எடைக் கருவி இருக்கிறது, எண் சட்டென்று விழுந்துவிடுகிறது. எண்ணை அட்டையில் புள்ளியாக வைப்பதற்கு முன்னால் போனில் ஏற்ற வேண்டும். 'போஷன் டிராக்கர்' என்கிற செயலி 2021-ல் வந்ததிலிருந்து இப்போதைய டீச்சரின் காலைப்பொழுதில் பெரும்பகுதி அதற்கே போகிறது. சத்துமாவு வாங்க வருகிற தாயின் முகத்தையும் அதில் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். சிக்னல் கிடைக்காத நாளில் டீச்சரும் தாயும் பிள்ளையுமாக வேப்பமரத்தடிக்கு வந்து போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

தாய்மார் கூட்டத்தன்று போயிருந்தேன். பதினொரு பேர் வந்திருந்தார்கள், அதில் நான்கு பேர் மாமியார்கள். மருமகள் வேலைக்குப் போயிருக்கிறாள். தாய்மாரில் கைநாட்டு ஒருத்திகூட இல்லை. ஒரு பெண் பி.காம். எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான். என் அம்மா மூன்று பிள்ளைகளையும் வீட்டில் பெற்றவள், அவளுக்கு இது சொர்க்கமாகத் தெரிந்திருக்கும். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் உதவி உண்டு, அரசே கூட்டி வைத்துச் சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். (அன்று எங்கள் டீச்சர் நாலைந்து மாதத்திலேயே பிசைந்த சோறு கொடுக்கச் சொன்னார், அன்றைய பாடம் அது.) அப்படியும் அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட நாலு பிள்ளைகளில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ரத்தசோகை. வேலை முடியவில்லை.

அன்றைய கூட்டத்தின் பாடம், பிள்ளையோடு பேசுவது. பிறந்ததிலிருந்து மூன்று வயது வரைக்கும் வீட்டில் செய்யக்கூடிய 140 விளையாட்டுகளை மாதவாரியாகப் பிரித்து 2024-ல் மத்திய அரசு 'நவசேதனா' என்று ஒரு வழிகாட்டி கொடுத்திருக்கிறது. கடைசி வரிசைக்குப் போன விளையாட்டு முன்வரிசைக்கு வர ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. டீச்சர் கையில் ஒரு தண்ணீர் பாட்டில், உள்ளே துவரம்பருப்பு, மூடியைச் சுற்றித் துணிக் கட்டு. இன்னொரு கையில் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும். ஐந்து நிமிடம் வழிகாட்டியைப் பார்த்துப் படித்தார். தாய்மார் கொட்டாவி விட்டார்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, பி.காம் படித்த அந்தப் பெண்ணின் மடியில் இருந்த எட்டு மாதக் குழந்தையை வாங்கித் தன் முழங்காலில் உட்கார வைத்துக்கொண்டார்.

குழந்தை "ங்கா" என்றது.

"ஆமாவா?" என்று கேட்டுவிட்டு டீச்சர் பேசாமல் இருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் குழந்தையை மட்டும் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம். குழந்தை அவர் வாயையே பார்த்தது, காலை ஒரு தரம் உதைத்தது, பிறகு நீளமாக "ங்ங்கா" என்றது. "அப்படியா சொன்னாங்க ஒங்கப்பா?" என்றார் டீச்சர். மறுபடியும் காத்திருந்தார். மறுபடியும் பதில் வந்தது. மூன்றாவது முறை குழந்தை சிரித்துவிட்டது. கொட்டாவி விட்டவர்களில் இரண்டு பேர் நகர்ந்து முன்னால் வந்தார்கள்.

"நாம பேசிக்கிட்டே போயிர்றோம். அது பேசுறதுக்கு எடம் விடணும். அவ்வளவுதாம்மா" என்றார் டீச்சர்.

முள் நிற்கிற அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்த பழைய டீச்சரை நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் பேச்சு கிளம்பியது. குழந்தையின் தாய் மெதுவாகச் சொன்னாள். "எனக்குப் பேசவே ஆளில்லக்கா. அவரு திருப்பூர்ல இருக்காரு, ஞாயித்துக்கெழமை வருவாரு. நானும் இவளும்தான். ஊட்டுறதுக்கு போன் வச்சாத்தான் வாயத் தெறக்குறா. தப்புன்னு தெரியுது." போன் வெளிச்சத்தில் ஊட்டுகிறோம் என்று அவள் ஒத்துக்கொண்டதும் இன்னும் ஆறு பேர் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையின் சாரம். அதை டீச்சர் அவர்கள் மேல் எடுத்து எறியவில்லை. "நாளைக்கு முத வாய மட்டும் போன் இல்லாம குடு. மிச்சத்த போனோட குடு. அடுத்த வாரம் ரெண்டு வாய்" என்றார். ஒரு மாமியார் குறுக்கிட்டார். "நாங்கள்லாம் இப்படிப் பயிற்சி எடுத்தா வளத்தோம்?" யாரும் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "ஆனா எங்களுக்கு வீட்டுல பத்துப் பேரு இருந்தோம்த்தா. இதுக பாவம்."

அந்த மாமியார் சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன். ஏழைத் தாய்க்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது, நாம் போய்ச் சொல்லிக் கொடுப்போம் என்கிற நினைப்பு இந்தப் பயிற்சிகளில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து வருகிற சுற்றறிக்கையின் மொழியில் அது நாறுகிறது. அன்றும் இருந்தது. அன்று கூடி வேலை செய்த கைகள் அதைக் கரைத்துவிட்டன. இன்று மாதத்தில் இரண்டு நாள் கூட்டம் என்று கணக்கு, வருகிறவர்கள் பாயில் வரிசையாக உட்காருகிறார்கள், சுண்டல் கொடுக்கிறார்கள், பதாகையோடு போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள். போட்டோ ஏறிவிட்டால் கூட்டம் நடந்தது என்று அர்த்தம். மீதிப் பாடம் வாட்ஸ்அப் குழுவில் வீடியோவாக வருகிறது. அதே போனில்தான் முப்பது நாளில் பிள்ளை குண்டாக வழி சொல்கிற யூடியூப் டாக்டரும் வருகிறார். யாரை நம்புவது என்று கேட்க அடுத்த பாயில் ஆள் வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆற்றாமை உண்டு. கூட்டம் காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் ஊரின் மிக ஏழையான தாய்மார் நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையில் இருக்கிறார்கள். அங்கே காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ, இரண்டிலும் இருந்தால்தான் அன்றைய கூலி. ஐந்தோ அதற்கு மேலோ குழந்தைகள் வேலைத்தளத்துக்கு வந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போட வேண்டும் என்று அந்த வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. எங்கள் கண்மாய்க் கரையில் ஒரு பாட்டி கருவேல நிழலில் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கூட்டத்தை அந்த நிழலுக்குக் கொண்டுபோனால் என்ன? மில் வண்டியில் விடியற்காலை போய் இருட்டிய பிறகு வருகிற தாய்மாருக்கு ஞாயிற்றுக்கிழமை வைத்தால் என்ன? டீச்சரிடம் கேட்டேன். "எனக்கு மட்டும் ஞாயித்துக்கெழமை வேண்டாமாக்கா? எனக்கும் புள்ள இருக்கு" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இன்னொரு கை கொடுக்காமல் அந்தப் பெண்ணின் தலையில் இன்னொரு வேலையை வைக்கச் சொல்கிற உரிமை எனக்கில்லை. அப்பாக்களைக் கூட்டத்துக்கு வரச் சொல்லலாமே என்ற என் அடுத்த கேள்விக்கு டீச்சர் சிரித்துவிட்டார். அந்தப் பதினொரு பேரும் சிரித்தார்கள். 1982-லும் சாவடியில் ஓர் அப்பாவைக்கூட நான் பார்த்ததில்லை.

மாறாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கன்வாடிப் பிள்ளைகள் எல்லாத் தெருவிலிருந்தும் வந்து ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே மாதிரித் தட்டில் தின்கிறார்கள். தூளித் துணி இப்போது இரண்டு இல்லை, துணியே இல்லை. ஆனால் தாய்மார் உட்கார்ந்த பாய்களைப் பார்த்தேன். சன்னல் பக்கம் ஏழு பேர், கதவுப் பக்கம் நாலு பேர். நடுவில் ஒரு பாய் காலி. குழந்தைகள் அந்தக் காலிப் பாயில் தவழ்ந்து இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தன.

பன்னிரண்டரைக்குக் கூட்டம் முடிந்தது. டீச்சர் சுவரோரமாகப் போய் போனை நீட்டிக்கொண்டு நின்றார். அப்போது ஒரு பெண் வேக வேகமாக வந்தாள். முழங்கால் வரை கண்மாய்ச் சேறு காய்ந்திருந்தது, தலையில் துண்டு, இடுப்பில் ஒரு வயது மதிக்கத்தக்க பையன். கதவுப் பக்கத்துத் தெருவைச் சேர்ந்தவள். சத்துமாவு வாங்க வந்திருக்கிறாள், இரண்டாவது போட்டோவுக்குள் திரும்பிவிட வேண்டும். டீச்சர் அவள் முகத்தைப் படம் பிடித்தார். செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. "கொஞ்சம் உக்காரும்மா, வந்துரும்" என்றார்.

அவள் வெளியே வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பி.காம் பெண் கிளம்பப் போனவள், நின்று, அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். துவரம்பருப்பு பாட்டில் கை மாறியது.

"இவன் என்ன சொல்றானோ அதைக் கேட்டுட்டு, சும்மா இருக்கணுமாம். நாமளே பேசக் கூடாதாம். எடம் விடணுமாம்."

"எம்புட்டு நேரம்?"

"மூணு எண்ணு."

அவள் பையனைத் திருப்பித் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். அவன் அம்மாவின் காதிலிருந்த காய்ந்த சேற்றைத் தொட்டுப் பார்த்து, "பூ" என்றான். அவள் வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டு, உதடு அசைய உள்ளுக்குள் எண்ணத் தொடங்கினாள்.